நாகர்கோவிலிலிருந்து டொராண்டோ: உண்மையில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

நாஞ்சில்_மருமகள்
எல்லாருக்கும் வணக்கம். என் நாத்தனார் டொராண்டோவில் இருக்கிறாள், பிப்ரவரியில் பிரசவம். ஜனவரி மூன்றாவது வாரம் அத்தையை (மாமியாரை) நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அத்தைக்கு 71 வயது, பிரஷர் மாத்திரை உண்டு, முட்டு வலி உண்டு. திருவனந்தபுரம், மதுரை தாண்டிப் போனதில்லை. வீட்டுக்காரர் சவுதியில் தம்மாமில் இருப்பதால் அவரால் கூட வர முடியாது.

இப்போது வீட்டில் ஒரே வாக்குவாதம். அவர் துபாய் வழி போ என்கிறார். கொழுந்தனார் டெல்லி வழிதான் தூரம் குறைவு, சுற்றிக்கொண்டு போகாதே என்கிறார். இணையத்தில் பார்த்தால் ஒரு தளத்தில் 13,750 கிலோமீட்டர், இன்னொன்றில் 14,000-க்கு மேல். ஒரு டிக்கெட்டில் பயண நேரம் இருபதரை மணி, இன்னொன்றில் இருபத்தேழு மணி. இதில் அதிகாலை நாலரைக்கு இங்கே ஏறினால் அதே நாள் மத்தியானம் அங்கே இறங்கலாம் என்றும் போட்டிருக்கிறது, அது எப்படி? எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அத்தை எத்தனை மணி நேரம் இருக்கையில் உட்கார வேண்டியிருக்கும், எந்த வழி அவர்களுக்குச் சிரமம் குறைவு?

தக்கலைக்காரன்
அக்கா, முதலில் தூரத்தை முடித்துவிடலாம். திருவனந்தபுரத்திலிருந்து டொராண்டோ பியர்சன் விமான நிலையத்துக்குப் பூமியின் மேல் மிகக் குறுகிய கோடு போட்டால் ஏறக்குறைய 13,750 கி.மீ. ஆனால் இந்தக் கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து வட அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்கேயாவது மாறித்தான் ஆக வேண்டும்.

துபாய் வழி: திருவனந்தபுரம்–துபாய் சுமார் 2,950, துபாய்–டொராண்டோ சுமார் 11,080. மொத்தம் 14,030.
டெல்லி வழி: திருவனந்தபுரம்–டெல்லி சுமார் 2,230, டெல்லி–டொராண்டோ சுமார் 11,640. மொத்தம் 13,870.

கொழுந்தனார் சொல்வது கணக்குப்படி சரிதான், டெல்லி வழி 160 கி.மீ. குறைவு. ஆனால் 160 கி.மீ. என்பது விமானத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதற்காக வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஏர்போர்ட் போகும் வழியில் மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் நெரிசலில் மாட்டினால் அதைவிட அதிக நேரம் போகும்.

பார்வதிபுரம்_பாலம்
தக்கலைக்காரர் டெல்லியை இப்படி ஒதுக்கிவிட வேண்டாம். டெல்லி வழி என்றால் நம் நாட்டு விமான நிலையம், நம் ரூபாய், ஏதாவது ஒன்று ஆனால் போனில் பேசி ஆள் பிடிக்கலாம். விமானம் தாமதமானால் வெளியே வந்து ஓட்டலில் தங்கலாம், விசா கேட்க மாட்டார்கள். வயதானவர்களுக்கு இது பெரிய தைரியம். தூரமும் குறைவு என்கிற போது ஏன் துபாய்?

துபாய்_மார்த்தாண்டம்
நான் மார்த்தாண்டம் பக்கம்தான், இங்கே வளைகுடாவில் விமானங்களுக்கு ஃப்ளைட் பிளான் (எந்த வழியாகப் பறக்க வேண்டும் என்ற திட்டம்) போடும் பிரிவில் வேலை. பாலம் அண்ணன் சொன்ன தைரியம் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜனவரி என்பதைக் கவனியுங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும் வரை டெல்லியில் அதிகாலை மூடுபனி. ஓடுபாதையே தெரியாத அளவுக்கு இறங்கும். அந்த மூடுபனியில் இறங்கக்கூடிய கருவி டெல்லியில் இருக்கிறது, பயிற்சி பெற்ற பைலட்டுகளும் இருக்கிறார்கள், ஆனாலும் விமானங்களுக்கு நடுவே இடைவெளி கூட்ட வேண்டியிருப்பதால் வரிசை நீளும். திருவனந்தபுரத்திலிருந்து போகும் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் டொராண்டோ விமானம் கையை விட்டுப் போகும்.

இரண்டாவது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி 2025 ஏப்ரல் 24 முதல் மூடியிருக்கிறது. மாதாமாதம் நீட்டிக்கொண்டே வருகிறார்கள். வரைபடத்தில் 11,640 என்பது நேர்க்கோடு. அந்தக் கோட்டில் போக முடியாமல் குஜராத் பக்கம் இறங்கி அரபிக்கடலுக்கு வந்து சுற்றிப் போக வேண்டும். எரிபொருள் கூட வேண்டும் என்பதால் ஏர் இந்தியாவின் சில வட அமெரிக்க விமானங்கள் வியன்னாவில் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. டெல்லி–வாஷிங்டன் சேவையை 2025 செப்டம்பர் 1 முதல் நிறுத்தியதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் இந்த மூடலும் ஒன்று. ஆக, டிக்கெட் எடுக்கும் முன் அந்த விமானம் இப்போது நேராகப் போகிறதா, நடுவில் இறங்குகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

நம் திருவனந்தபுரம்–துபாய் வழிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏறியதும் கடல், அப்புறம் ஓமான் கரை. பாகிஸ்தான் வான்வெளியே வேண்டாம்.

அதற்காகத் துபாய் வழிக்குச் சிக்கலே வராது என்று சொல்ல மாட்டேன். 2025 ஜூனில் வளைகுடாவில் சண்டை மூண்டபோது கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. அன்று இங்கே இருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், எங்கள் மேசையில் போட்டு வைத்த பிளான் அத்தனையையும் திரும்பப் போட்டோம்.

நாஞ்சில்_மருமகள்
மூடுபனி எங்கள் யார் மனதிலும் தோன்றவில்லை. நன்றி தம்பி. இன்னொன்று. நாத்தனார் ஒரு படம் அனுப்பினாள், அவள் போன விமானம் நடுவில் நார்வே, கிரீன்லாந்து பக்கமெல்லாம் வளைந்து போயிருக்கிறது. துபாயிலிருந்து நேராக மேற்கே ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போனால் கிட்டத்தில் இல்லையா? அத்தைக்கு இதைக் காட்டியதும் "எதுக்கு இவ்வளவு குளிர்ப் பக்கமா சுத்துறான்" என்று கேட்கிறார்கள்.

வடசேரி_வாத்தியார்
மக்களே, அத்தை கேட்டது நல்ல கேள்வி, பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகள் இருந்தால் ஒருவர்தான் இதைக் கேட்பார்.

சுவரில் மாட்டும் உலகப் படத்தில் உருண்டையைத் தட்டையாக விரித்திருக்கிறார்கள். விரிக்கும்போது துருவப் பக்கம் எல்லாம் இழுபட்டுப் பெரிதாகிவிடும். அந்தப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல் பதினான்கு மடங்கு. வடக்கே இரண்டு ஊருக்கு நடுவே தூரம் படத்தில் விரிந்து தெரிவதால், அந்தப் பக்கம் போகும் கோடு சுற்றுவழி மாதிரித் தோன்றுகிறது. அது சுற்று அல்ல, அதுதான் குறுக்கு வழி.

வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் (கோட்டாற்றுக் கடைகளில் கிடைக்கும், சின்னது போதும்) ஒரு நூலின் ஒரு முனையைத் திருவனந்தபுரத்திலும் மறு முனையை டொராண்டோவிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: திருவனந்தபுரத்திலிருந்து அந்தக் கோடு புறப்படும் திசை மேற்கு அல்ல, ஏறக்குறைய வடக்கு, இருபது பாகைதான் மேற்கே சாய்வு. உச்சியில் 70 பாகை வட அட்சம் வரை ஏறி, அப்புறம்தான் கனடாவுக்குள் தெற்கே இறங்குகிறது. நம் ஊர் எட்டாவது பாகையில், டொராண்டோ நாற்பத்து நான்கை ஒட்டி. இரண்டுக்கும் நடுவே எழுபது பாகையைத் தொட்டுவிட்டு வருகிறது என்றால் நம்பக் கஷ்டம்தான். இரண்டு ஊரும் உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன, தீர்க்கரேகையில் 156 பாகை வித்தியாசம். அப்படிப்பட்ட ஊர்களுக்கு வடதுருவப் பக்கம் போவதே சுருக்கம்.

இதனால்தான் துபாய் வழி வெறும் 280 கி.மீ. கூடுதலாக வருகிறது, நூறில் இரண்டு பங்கு. படத்தில் பார்த்தால் துபாய் எங்கேயோ மேற்கே விலகி இருப்பது போல இருக்கும், உருண்டையில் அது வழியை ஒட்டியே இருக்கிறது.

ஒன்று கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன், கேட்கவில்லை என்றாலும். கன்னியாகுமரியில் நின்று நேர் தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை நிலமே இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் தீர்க்கரேகை 77 பாகை 33 கலையில் தெற்கே ஐயாயிரம் கி.மீ. போனால் பிரான்சுக்குச் சொந்தமான ஆம்ஸ்டர்டாம் தீவு இருக்கிறது, நம் முனைக்கு நேர் கீழே.

தூத்தூர்_கடலோடி
வாத்தியார் சொன்ன நூல் கணக்கு கடலிலும் அதேதான். நாங்கள் கிலோமீட்டரில் பேசுவதில்லை, நாட்டிக்கல் மைல்தான். ஒரு பாகை அட்சத்தை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு, 1.852 கி.மீ. விமானக்காரர்களும் அதையேதான் வைத்திருக்கிறார்கள், வேகத்துக்கு நாட், அதாவது மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல். ஜிபிஎஸ்ஸில் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டாவது பாகையிலிருந்து அதற்குத் தெற்கே ஏழாவது பாகைக்கு எத்தனை மைல் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம், பதினைந்தை அறுபதால் பெருக்கினால் முடிந்தது. இங்கிருந்து இந்தியப் பெருங்கடலில் இருக்கும் டீகோ கார்சியா தீவுப் பக்கம் ஏறக்குறைய 975 மைல், எட்டு நாட் வேகத்தில் ஓடினால் ஐந்து நாள். அதே தூரத்தை விமானம் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும்.

நம் பக்கம் பூமத்திய ரேகைக்குக் கிட்டே இருப்பதால் வரைபடத்தில் நேர்க்கோடு போட்டாலும் பெரிய பிசகு வராது. துபாய் வரைக்கும் அப்படித்தான். அதற்கு வடக்கே போனால்தான் நூல் வளையும்.

அக்காவுக்கு டொராண்டோ 7,400 மைல்.

குளச்சல்_அலை
துபாய்–டொராண்டோ டிக்கெட்டில் போகும்போது 14 மணி, வரும்போது பன்னிரண்டரை மணி என்று போட்டிருப்பது பூமி சுற்றுவதால்தானே? மேற்கிலிருந்து கிழக்காகப் பூமி சுற்றுகிறது, விமானம் மேலே நிற்கும்போது கீழே ஊர் நகர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் மாமா மஸ்கட்டில் இருபது வருடம் இருந்தவர், அவர் அப்படித்தான் சொல்வார்.

வடசேரி_வாத்தியார்
மக்களே, அப்படி என்றால் கணக்கு தலைகீழாக வர வேண்டும். பூமி கிழக்கே ஓடுகிறது. விமானம் அதோடு ஒட்டாமல் மேலே சும்மா நிற்க முடியும் என்றால், மேற்கே இருக்கும் ஊர்கள்தான் நம்மிடம் வரும். துபாய் நமக்கு மேற்கே இருபத்தொன்றரைப் பாகை. பூமி மணிக்குப் பதினைந்து பாகை சுற்றுகிறது. அப்படியானால் திருவனந்தபுரத்தில் மேலே எழும்பி ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாலே துபாய் கீழே வந்து நிற்க வேண்டும். நடப்பது என்ன? மேற்கே போகத்தான் நேரம் கூட ஆகிறது. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, அதற்குள்தான் விமானம் பறக்கிறது.

துபாய்_மார்த்தாண்டம்
வாத்தியார் சொன்னது சரி. காரணம் ஜெட் காற்று. இதுதான் என் தினப்படி வேலை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பூமியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், அதாவது பெரிய விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே, நடு அட்சங்களில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஆறு ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ. சாதாரணமாகத் தாண்டும். வெப்பப் பகுதிக்கும் குளிர்ப் பகுதிக்கும் இருக்கும் வெப்ப வித்தியாசம்தான் அதன் மூலம், பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்புகிறது. ஆக, குளச்சல் தம்பியின் மாமா சொன்னதில் சுழற்சிக்குப் பங்கு உண்டு, நேரடியாக அல்ல, காற்று மூலமாக.

விமானத்தின் வேகம் என்பது அதைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம், மணிக்கு 900 கி.மீ. என்று வைப்போம். எதிர்க்காற்று சராசரி 50 என்றால் தரையைப் பொறுத்து 850தான் நகரும். பின்காற்று 50 என்றால் 950. துபாய்–டொராண்டோ 11,080 கி.மீ.க்கு வகுத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் பதின்மூன்று மணி, மறு பக்கம் பதினொன்றே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. ஏறுவது, இறங்குவது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது எல்லாம் சேர்த்தால் டிக்கெட்டில் பார்க்கிற 14-உம் பன்னிரண்டரையும் வந்துவிடும்.

காற்று எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு உதாரணம், எங்கள் பிரிவில் புதிதாக வருபவர்களிடம் எப்போதும் சொல்வது. ஏர் இந்தியா டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை முதலில் அட்லாண்டிக் பக்கமாக ஓட்டியது, ஏறக்குறைய 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதையே பசிபிக் பக்கமாகக் கிழக்கே திருப்பினார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆயிற்று, 1,400 கி.மீ. அதிகம். ஆனால் நேரம் பதினாலரை மணிதான், பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. காற்று முதுகில் தள்ளியது, அவ்வளவுதான். அதனால்தான் கிலோமீட்டரைப் பார்த்து வழி முடிவு செய்யாதீர்கள் என்று தலையால் அடித்துக்கொள்கிறேன்.

2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. ஒரு புயலோடு சேர்ந்த ஜெட் காற்று, தரையைப் பொறுத்து மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல். அதே வழியில் எதிர்ப்பக்கம் போனவர்களுக்கு அன்று எவ்வளவு ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வடசேரி_வாத்தியார்
நம் தெற்கே இன்னொரு காற்றும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று வீசும், அதைப் பற்றி 1950-களிலேயே எழுதியவர் நம் வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். பருவமழை மாதங்களில் வளைகுடா போகிறவர்களுக்கு அது ஒத்தாசையான திசை. ஜனவரியில் அது இருக்காது.

தோவாளைப்_பிச்சிப்பூ
அக்கா முதல் பதிவில் கேட்ட ஒன்றுக்கு யாரும் இன்னும் பதில் போடவில்லை, அதே நாள் மத்தியானம் எப்படி என்று. நான் போடுகிறேன், நேரக் கணக்கில் எங்கள் வீட்டிலும் எல்லாரும் குழம்புவார்கள்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். டொராண்டோ ஜனவரியில் பத்தரை மணி பின்னால். ஒரு உதாரணத்துக்கு:

திருவனந்தபுரத்தில் அதிகாலை 4.30 புறப்பாடு. நாலு மணி நேரம் பறந்தால் நம் நேரம் 8.30, துபாய் கடிகாரத்தில் 7.00. அங்கே இரண்டரை மணி காத்திருந்து 9.30-க்கு ஏறி 14 மணி நேரம் பறந்தால் துபாய் நேரம் இரவு 11.30. டொராண்டோ துபாயைவிட ஒன்பது மணி பின்னால், ஆக அங்கே மத்தியானம் 2.30. நம் வீட்டுக் கடிகாரத்தில் அப்போது மறுநாள் அதிகாலை 1.00. மொத்தம் இருபதரை மணி. அக்கா பார்த்த டிக்கெட் இந்தக் கணக்கில் வந்ததாகத்தான் இருக்கும். அந்த ஒரு நாள் உங்களுக்கு 24 மணி அல்ல, முப்பத்துநாலரை மணி நேரம் ஓடும்.

வீட்டிலிருந்து கணக்குப் போட்டால் இன்னும் கூடும். நாலரை விமானத்துக்கு ஒன்றரைக்காவது ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும், நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய எழுபது கி.மீ., ஆக இரவு பதினொன்றுக்கே வண்டி எடுக்க வேண்டும். அங்கே இறங்கியபின் குடியேற்ற வரிசை, பெட்டி எல்லாம் முடிய ஒன்றிரண்டு மணி. வாசலிலிருந்து வாசல் இருபத்தெட்டு மணி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கையில் பெல்ட் போட்டு உட்காருவது பதினெட்டு.

திரும்பி வருவது எப்போது? மார்ச் இரண்டாம் ஞாயிறு தாண்டினால் கனடாவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிடுவார்கள், வித்தியாசம் ஒன்பதரை ஆகிவிடும்.

நாஞ்சில்_மருமகள்
இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை, தோவாளை தங்கச்சி. திரும்புவது பங்குனி கடைசி என்று நினைத்திருக்கிறோம்.

ஆனால் அந்த 14 மணி நேரம்தான் எனக்குப் பயம். அத்தையால் அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் காலை மடக்கி உட்கார முடியாது. நடுவில் ஐரோப்பாவில் ஒரு இடத்தில் இறங்கி ஏழு ஏழு மணியாகப் பிரித்துக்கொள்ளலாமா?

பார்வதிபுரம்_பாலம்
நானும் அதையே சொல்ல வந்தேன். துபாய்–லண்டன் 5,500 கி.மீ., ஏழரை மணி. லண்டன்–டொராண்டோ 5,700 கி.மீ., எட்டு மணி. மொத்தத் தூரம் 11,200, துபாயிலிருந்து நேராகப் போவதோடு ஒப்பிட்டால் நூற்று இருபது கி.மீ.தான் கூடுதல். எங்கள் அம்மாவை அப்படித்தான் கூட்டிப் போனார்கள், நடுவில் நடந்து, முகம் கழுவி, சாப்பிட்டுவிட்டு ஏறினார்கள். மூட்டுக்கு நல்லது.

தக்கலைக்காரன்
தூரக் கணக்கு சரி, ஆனால் மூன்று விமானம், மூன்று பாதுகாப்புச் சோதனை. ஷூ, சால்வை எல்லாம் கழற்றி மாட்ட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் சக்கர நாற்காலிக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்று தவறினால் அடுத்ததும் தவறும். லண்டனில் விமானம் மாற என்ன அனுமதி வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். எங்கள் சித்தி அப்படிப் பிரித்துப் போய் நடு ஊரில் பதினோரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தார்கள். அந்த நிறுவனத்தார் போர்வை கூடத் தரவில்லை. எனக்குத் திரும்பவும் அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. நீளமான ஒரே பறத்தலில் சாய்ந்து தூங்கவாவது முடியும்.

துபாய்_மார்த்தாண்டம்
இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் கருத்து: மூன்றாகப் பிரிப்பதைவிட, துபாயில் ஒரு இரவு தங்கிவிட்டு மறுநாள் ஏறுவது நல்லது. விசா கிடைப்பதைப் பொறுத்தது. சொந்தக்காரர்கள் இங்கே யாராவது இருப்பார்கள், நம் மாவட்டத்தில் அப்படி ஒருவர் இல்லாத குடும்பம் அபூர்வம். பயண நேரம் இருபதரையிலிருந்து நாற்பதைத் தாண்டிவிடும், ஆனால் அத்தை படுத்துத் தூங்கி எழுந்து 14 மணி நேரத்தைத் தொடங்குவார்கள்.

தங்க முடியாவிட்டால் இணைப்பு நேரம் ஒன்றரை மணி இருக்கிற டிக்கெட்டை எடுக்காதீர்கள், மூன்று மணியாவது இருக்கட்டும். பட்டியலில் மேலே காட்டுகிற குறைந்த நேர டிக்கெட் பெரும்பாலும் இணைப்பைச் சுருக்கித்தான் அந்த இடத்துக்கு வந்திருக்கும். துபாய் விமான நிலையத்தில் ஒரு வாயிலிலிருந்து இன்னொன்றுக்கு ரயில், லிஃப்ட் எல்லாம் ஏறி இறங்க வேண்டும். இரண்டு பறத்தலும் ஒரே டிக்கெட்டில், ஒரே முன்பதிவு எண்ணில் இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

விமானத்துக்கு உள்ளே: நடைபாதை ஓர இருக்கை, கழிப்பறைக்குக் கிட்டே. சன்னல் வேண்டாம். இரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் கெண்டைக்காலில் ரத்தம் கட்ட வாய்ப்பு உண்டு, வயதானவர்களுக்கு அது கூடுதல். அழுத்தக் காலுறை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உள்ளே காற்று மிகவும் வறண்டு இருக்கும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போல வைத்திருப்பார்கள், ஊட்டியில் இருக்கும் காற்றழுத்தம்தான். ஊட்டிக்குப் போய் மூச்சு வாங்காதவர்களுக்குப் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது, ஆனாலும் அத்தையின் டாக்டரிடம் சொல்லிவிட்டே போங்கள்.

தூத்தூர்_கடலோடி
மாத்திரையைப் பெட்டியில் போட்டுச் சரக்கில் விட்டுவிடாதீர்கள் அக்கா, கைப்பையில், சீட்டோடு.

தோவாளைப்_பிச்சிப்பூ
மாத்திரை நேரத்தையும் கேளுங்கள். காலை எட்டு, இரவு எட்டு என்று போடுகிறவர்களுக்கு இந்த முப்பத்துநாலரை மணி நாளில் எது காலை, எது இரவு என்று தெரியாது. டாக்டரிடம் டிக்கெட்டைக் காட்டி, நம் ஊர் நேரப்படி எப்போது எப்போது என்று எழுதி வாங்கிக்கொண்டு, அத்தையின் கைக்கடிகாரத்தை டொராண்டோ சேரும் வரை மாற்றாமல் விட்டுவிடுங்கள்.

தக்கலைக்காரன்
பங்குனி கடைசியில் திரும்புகிறீர்கள் என்றால் இன்னொன்று. பத்மநாபசுவாமி கோயில் பங்குனி ஆறாட்டு அன்று ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். ஐப்பசியிலும் உண்டு. அந்த இரண்டு நாளும் மாலையிலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடுபாதையை மூடிவிடுவார்கள், விமான நேரங்களை மாற்றிவிடுவார்கள். திருவிதாங்கூர் காலத்து வழக்கம், விமான நிலையம் 1932-இல் வந்த பிறகும் விடவில்லை, நம் மாவட்டத்தார் பலருக்கு இது தெரியும், ஆனால் டிக்கெட் எடுக்கும்போது யாருக்கும் ஞாபகம் வராது. ஆறாட்டுத் தேதியைப் பார்த்துவிட்டு திரும்பும் நாளைப் போடுங்கள்.

குளச்சல்_அலை
அப்படியானால் திரும்பி வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் அத்தை உட்காரும் நேரம் ஒன்றரை மணி குறையும், சரிதானே துபாய் அண்ணே?

துபாய்_மார்த்தாண்டம்
சரிதான் தம்பி. பங்குனி கடைசியில் ஜெட் காற்று ஜனவரி அளவுக்கு இருக்காது, ஆனாலும் டொராண்டோ–துபாய் பதின்மூன்று மணிக்குள் முடியும். துபாய்–திருவனந்தபுரம் நாலு மணிக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு விமானத்துக்கும் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னால் அன்றைய காற்றைப் பார்த்து வழியை முடிவு செய்வோம். அதனால் நாத்தனார் அனுப்பிய படத்தில் கிரீன்லாந்து இருந்தது என்பதற்காக உங்கள் விமானமும் அங்கேதான் போகும் என்று இல்லை. அன்று தெற்கே இறக்கி விடலாம், வடக்கே ஏற்றி விடலாம்.

தோராயமாக நீங்களே பார்க்க: கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். குளிர்காலத்தில் மேற்கே நீண்ட தூரம் என்றால் இன்னும் அரை மணி கூட்டுங்கள். எந்த ஊருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

நாஞ்சில்_மருமகள்
எல்லாருக்கும் நன்றி. இன்று காலை அவரோடும் கொழுந்தனாரோடும் பேசி முடிவு செய்துவிட்டோம். துபாய் வழி, ஒரே டிக்கெட், அத்தையின் தம்பி மகன் ஷார்ஜாவில் இருக்கிறான், விசா கிடைத்தால் அங்கே ஒரு இரவு, கிடைக்காவிட்டால் நான்கு மணி நேர இணைப்பு. கொழுந்தனாரிடம் 160 கி.மீ. கணக்கையும் மூடுபனியையும் சொன்னேன், ஒத்துக்கொண்டார். வரும் திங்கள் டாக்டரிடம் அத்தையைக் கூட்டிப் போகிறேன், காலுறையும் மாத்திரை நேரமும் கேட்கிறேன். சக்கர நாற்காலிக்கு டிக்கெட் எடுக்கும்போதே சொல்ல வேண்டுமா, ஏர்போர்ட்டில் போய்க் கேட்டால் போதுமா?

துபாய்_மார்த்தாண்டம்
டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள், மூன்று விமான நிலையத்துக்கும் சேர்த்துப் பதிவாகும். படி ஏற முடியாது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அப்போதுதான் இருக்கை வரை கொண்டு விடுவார்கள். இரண்டு நாள் முன்னால் போனில் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள்.

தக்கலைக்காரன்
வண்டிக்காரரிடம் சாக்கை பக்கம் இருக்கிற சர்வதேச முனையம் என்று சொல்லுங்கள் அக்கா. சங்குமுகம் பக்கம் இருப்பது வேறு முனையம், அங்கே போய் இறங்கினால் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு மறுபடி வர வேண்டும்.